றெஜினம்மாவின் தயிர்முட்டி

“அம்மா, சின்னண்ணா தயிருக்குள்ள இருந்தே கடிதம் எழுதுறவர்?”

இதைக் கேட்டபோது அன்ரோனெற்றுக்கு முன்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு வேலிக்கு வெளியே போய்விட்டதோ என்று பயந்து, உடனே சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது இன்றைக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஜெயனி மச்சாள். அவள் குசினிக்குள்ளிருந்து அந்தத் தயிர்முட்டியை, பழைய மண்சட்டியை, தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“சோளகக் காத்துக்கு ஒரு மெழுகுதிரியும் நிக்குதில்லை. இதுக்குள்ள மணலைப் போட்டுத் திரியைக் குத்தி வைச்சா அணையாது,” என்றாள் ஜெயனி. “உள்ள என்னவோ பழைய கடதாசி கிடக்கு. கொட்டட்டே?”

“வையுங்கோ அதை!”

ஹோலில் அம்மாவின் பெட்டியைச் சுற்றியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ‘அர்ச்சிஷ்ட மரியாயே’யில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அன்ரோனெற் மச்சாளின் கையிலிருந்து முட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“முட்டிதானே மச்சாள்! தங்கக் கிண்ணத்தை எடுத்தமாதிரிக் கத்துறீங்கள்,” என்று ஜெயனி முணுமுணுத்தாள். அவளுடைய தகப்பன் எட்வேட் மாமா, அம்மாவின் தம்பி, வாசலில் வாடகைக் கதிரைகளை இறக்குவித்துக்கொண்டு நின்றவர், “ராமுழுக்க நித்திரையில்லை அவளுக்கு. விடு,” என்றார்.

அன்ரோனெற் முட்டியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே, பேப்பரில் சுற்றியிருந்த கட்டா மீன் கருவாடு பூச்சி அரித்துத் தூளாகிக் கிடந்தது.

முந்தாநாள் அம்மா படுக்கையில் கிடந்தபடி கேட்டாள்: “கருவாடு மாத்தினியே பிள்ளை?” அவள் மாற்றவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவள் அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை. “ஓம் அம்மா,” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா தண்ணீர் கேட்டாள், ஸ்தோத்திரம் என்றாள், வேறொன்றும் பேசவில்லை. நேற்றுப் பின்னேரம் மூச்சு நின்றது.

கைப்பேசி அடித்தது. ஓட்டோக்கார றிஸ்லான்.

“அக்கா, அறிவித்தலை எழுதி முடிச்சாச்சே? வெள்ளிக்கிழமை அக்கா. ஜும்ஆவுக்கு முன்னுக்கு ஒரு சுத்துப் போய் வந்தாத்தான் நாலு மணி அடக்கத்துக்கு ஆக்கள் சேருவினம். ஓட்டோவில ஸ்பீக்கரெல்லாம் கட்டியாச்சு.”

“கொஞ்சம் பொறு றிஸ்லான். ஒரு சொல்லுத்தான் மிச்சம்.”

“ஒரு சொல்லுக்கா இவ்வளவு நேரம்?” என்று கேட்டுவிட்டு அவன் அடுத்த கணமே, “சரி அக்கா, பாத்துச் சொல்லுங்கோ,” என்றான். அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

எட்வேட் மாமா காலையிலேயே சொல்லச் சொல்ல அவள் எழுதிய தாள் மேசையில் கிடந்தது. காற்று தூக்காமலிருக்க அதன்மேல் அம்மாவின் மருந்துப் போத்தல். ‘மன்னார் பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட அமிர்தநாயகம் றெஜினம்மா அவர்கள் நேற்று இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற அமிர்தநாயகத்தின் அன்பு மனைவியும், றொட்னி (கனடா),’ — அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. பிறகு, ‘ஜெனிஸ்ரன், அன்ரோனெற் ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார்.’

அந்த இடைவெளியில் ‘காலஞ்சென்ற’ என்று வருமா, வராதா? வந்தால் சின்னண்ணா செத்துப்போனவர். வராவிட்டால் உயிரோடிருப்பவர். ஊரில் எவருடைய மரண அறிவித்தலிலும் பிள்ளைகளின் பெயர்களுக்கு இந்த இரண்டு இடம்தான் இருக்கிறது. சண்டை முடிந்த நாளிலிருந்து ஜெனிஸ்ரன் எந்த இடத்தில் என்று எவருக்கும் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். மாதத்துக்கொருமுறை கோயிலில் பூசைக்கருத்துக் கொடுப்பாள். பாதர் பூசை தொடங்குமுன் வாசிப்பார்: “றெஜினம்மாவின் மகன் ஜெனிஸ்ரனின் சுகநலத்துக்காக.” பின்வரிசை வாங்கில்களில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். யாரோ ஒருத்தி பெருமூச்சு விடுவாள். அம்மா நிமிர்ந்தபடி இருப்பாள். ஆத்துமாக்கள் திருநாளில் சேமக்காலைக்குப் போனால் அப்பாவுடைய கல்லறைக்கு மட்டும் திரி கொளுத்துவாள். ‘மகனுக்கும் ஒண்டு கொளுத்துங்கோவன்’ என்று சொன்ன ஒரு பெண்ணோடு அம்மா பிறகு சாகும்வரை கதைக்கவில்லை. எல்லோரையும் மன்னிக்கிற அம்மா அவளை மட்டும் மன்னிக்கவில்லை.

கைப்பேசி மறுபடியும் அடித்தது. இந்த முறை பெரியண்ணா. அங்கே இரவு. முகத்தில் திரை வெளிச்சம் நீலமாக விழுந்திருந்தது.

“பெட்டி வந்திட்டுதே?”

“ஓம் அண்ணா. வெள்ளைச் சேலைதான் உடுத்தினது.”

“அறிவித்தல் குடுத்திட்டியே?”

அவள் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

“அன்ரோனெற், ‘காலஞ்சென்ற’ எண்டு போடு.”

“அம்மா ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணா.”

“அம்மா இப்ப இல்லை.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். றொட்னி முகத்தை ஒருபக்கம் திருப்பினான். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

“என்ர பிள்ளையள் கேக்குதுகள், சித்தப்பா எங்கயெண்டு. தெரியாது, தெரியாதெண்டு சொல்லி எனக்கே வெக்கமாக் கிடக்கு. எனக்கும் ஒருக்கா அழோணும் பிள்ளை. செத்துப்போனான் எண்டு ஒருத்தரும் சொல்லாமல் எப்பிடி அழுறது? அம்மா இருக்குமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். இனியும் பொத்தச் சொல்லுறியே?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணா.”

“அப்ப போடு.”

“நான் பிறகு எடுக்கிறன் அண்ணா,” என்று சொல்லி அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே எட்வேட் மாமா கதிரைக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “காலுடைஞ்சதையெல்லாம் செத்த வீட்டுக்கெண்டு ஏத்திவிட்டிருக்கிறாங்கள். கலியாண வீட்டுக்கெண்டா இப்பிடி அனுப்புவாங்களே?” ஹோலில் புதிதாக யாரோ வந்து அழத் தொடங்கினார்கள். அவளுக்கு அறைக்குள் நிற்கவும் முடியவில்லை; வெளியே போகவும் முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று அலுமாரியைத் திறந்தாள். அம்மாவின் கைக்குக் கட்டச் செபமாலை எடுக்க வேண்டியிருந்தது. செபமாலைக்குக் கீழே கடிதங்கள் இருந்தன.

எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரி மடிப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் மடிப்பு. அந்தக் காலத்தில் மன்னார்த் தீவு ஆமியிடம் இருந்தது. பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில், இயக்கம். இயக்கத்துக்குப் போன பிள்ளையின் கடிதம் ஒரு வீட்டில் பிடிபட்டால் அந்த வீட்டுக்காரர் வீட்டில் இருக்கமாட்டார்கள். பாப்பாமோட்டையிலிருந்து நடராசா என்ற கமக்காரர் சைக்கிளில் தயிர் கொண்டுவந்து பள்ளிமுனையில் விற்பார். ஜெனிஸ்ரன் எழுதிக் கொடுப்பதைப் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரியால் ஒட்டி, முட்டியின் அடியில் வைத்து அதன்மேல் பாலை ஊற்றி உறைய விடுவார். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஈர்க்கால் தயிரைக் குத்திப் பார்ப்பார்கள். ஈர்க்கு அடியில் தட்டினால் நடராசாவின் கதை முடிந்தது. அதனால் அவர் அந்த ஒரு முட்டியில் தயிர் மிகக் கட்டியாக உறையும்படி பார்த்துக்கொள்வார். குத்துகிறவனுக்குக் கை பாதியில் களைத்துவிடும்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. வேதக்காரர் வீடென்றாலும் சரி, முஸ்லிம் வீடு, சைவ வீடு என்றாலும் சரி, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மா முட்டியைக் கழுவிக் காயவைத்து அதற்குள் கருவாடு வைப்பாள். கருவாட்டுக்குக் கீழே தன்னுடைய பதிலை வைப்பாள். அடுத்தமுறை அதே முட்டி மறுபடியும் தயிரோடும் கடிதத்தோடும் வரும்.

அன்ரோனெற் மேலேயிருந்த கடிதத்தை விரித்தாள். புளித்த மணம் இன்னும் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

‘அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம். நீங்கள், அன்ரோனெற் சுகமோ? கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழியுது. தவளைச் சத்தத்தில நித்திரை இல்லை. கருவாடு கிடைச்சது. நடராசா அண்ணை பாதியை எனக்குத் தாறவர். பொடியள் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு வந்தது, எனக்குத் தலைப்பக்கம். அம்மா, தயிர் புளிச்சிருந்தா கடிதம் சுணங்கிப்போச்செண்டு நினையுங்கோ. புளிக்காட்டி நான் நேற்று எழுதினது. அன்ரோனெற் கேட்டதை எழுதியிருந்தீங்கள். ஓம், சின்னண்ணா தயிருக்குள்ளதான் இருக்கிறார், குளிருதாம் எண்டு சொல்லுங்கோ.’

அவள் அடுத்ததை எடுத்தாள். அவளுக்கு மனப்பாடமான கடிதம் அது.

‘நேற்று ஒரு ஆமிக்காரன் எங்கட பக்கத்தில செத்துக் கிடந்தான். என்ர வயசுதான் இருக்கும். சேட்டுப் பைக்குள்ள ஒரு கடிதம். சிங்களம் தெரிஞ்ச ஒருத்தன் பாத்திட்டு, தாய்க்கு எழுதினது, முடிக்கேல்லை எண்டான். உடம்பைச் செஞ்சிலுவைக்காரரிட்டக் குடுக்கேக்க நான் அந்தக் கடிதத்தைத் திரும்ப அவன்ர பைக்குள்ள வைச்சு பட்டனையும் பூட்டிவிட்டன். அம்மா, நீங்கள் செபமாலை முடியேக்க அந்தத் தாய்க்கும் ஒரு பத்து மணி சொல்லுங்கோ.’

அம்மா சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், குடும்பச் செபமாலை முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும், அம்மா மட்டும் முழங்காலில் நின்று இன்னுமொரு பத்து மணி சொல்வாள். யாருக்கென்று யாராவது கேட்டால், “ஒரு தாய்க்கு,” என்பாள்.

அந்தத் தாய்க்கு ஒரு உடம்பு போய்ச் சேர்ந்தது. பட்டன் பூட்டிய பைக்குள் ஒரு கடிதமும் போனது. அவள் அழுதிருப்பாள். அழுது முடித்திருப்பாளோ தெரியாது, தொடங்கவாவது முடிந்திருக்கும். அன்ரோனெற்றுக்கு கனடாவில் நீல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியண்ணாவின் முகம் நினைவுக்கு வந்தது.

“பிள்ளை, நடராசா வந்திருக்கிறான்,” என்று கதவுக்கு வெளியே எட்வேட் மாமா கூப்பிட்டார்.

நடராசா வேலியோரப் பூவரசின் கீழ் நின்றார். வேட்டி முழங்காலுக்கு மேல், சைக்கிள் விட்ட களைப்பு மூச்சில். எட்வேட் மாமா அவருக்குக் கால் உடையாத கதிரையாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வயசிலயும் சைக்கிளோடா? பஸ்ஸில வந்தா என்ன குறைஞ்சுபோவாய்?”

“பஸ் என்னைக் கண்டா நிக்கிறானில்லை எட்வேட்டு.”

“உன்ர தயிர்த் தண்ணியக் குடிச்ச டிறைவரா இருப்பான்.”

“உன்ர கொக்காவும் அப்பிடித்தான் ஏசுறவ,” என்றார் நடராசா. “ஏசிப்போட்டு வாங்கிறவ.” சிரிக்க முயன்றவர், தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எட்வேட் மாமா வேறு பக்கம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி எங்கே என்று சத்தம் போட்டபடி உள்ளே போனார்.

அன்ரோனெற்றின் கையில் முட்டி இருந்தது. தூளை அவள் கொட்டியிருந்தாள். எதற்காகக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடராசா அதைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்தார்.

கடைசியாக வந்த முட்டி அது. அது வந்த கையோடு சண்டை பாப்பாமோட்டைப் பக்கம் திரும்பியது. நடராசா மாடுகளை அவிழ்த்துவிட்டுக் குடும்பத்தோடு வன்னிக்குள் ஓடினார். பிறகு முகாம்; பிறகு பற்றை மண்டிய காணிக்குத் திரும்பி வந்தார். றோட்டுத் திறந்தது. பஸ் ஓடியது. நடராசா மறுபடி இரண்டு மாடு வாங்கினார். அம்மாவைப் பார்க்க வரும்போது தயிர் கொண்டுவருவார், பிளாஸ்டிக் கோப்பையில். ஒருவருக்கும் ஒரு ஊசிகூடப் பாக்கி வைக்காத அம்மா, அந்த முட்டியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் குசினித் தட்டில் அதை வெறுமையாகவும் விடவில்லை. கருவாடு பழுதாக முன் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

“இது உங்கட முட்டி அண்ணை,” என்று அன்ரோனெற் நீட்டினாள்.

நடராசா இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “விசர்ப் பிள்ளை! செத்த வீட்டில இருந்து ஏதும் கொண்டு போறதே?”

“றோட்டுத் திறந்து எவ்வளவு காலம். நீங்கள் ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?”

அவர் கதிரையில் போய் இருந்தார். ஹோலில் செபமாலையின் அடுத்த பத்து மணி தொடங்கிய குரல்கள் காற்றில் வந்து, போய், மறுபடி வந்தன.

“கொம்மா அதைத் தந்தா நான் திருப்பி ஒண்டு கொண்டு வரோணும் பிள்ளை,” என்றார். “என்னட்ட என்ன கிடக்குக் கொண்டு வர?”

அவள் முட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒருக்காக் குசினி வாசலில நிண்டு அதைப் பாத்தனான். கொம்மா என்னைப் பாத்தா. ‘அது கிடக்கட்டும் நடராசா’ எண்டா. ‘கிடக்கட்டும் அக்கா’ எண்டன். அதுக்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கேல்லை.”

தேத்தண்ணி வந்தது. அவர் அதைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

ஒழுங்கையில் ஓட்டோ வந்து நின்றது. றிஸ்லான் பொறுமை கெட்டு நேரிலேயே வந்துவிட்டான். தொப்பியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி, முதலில் உள்ளே போய் அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைத் துரத்தியபோது தாய் ஹவ்வா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன். புத்தளத்தில் வளர்ந்து, மீசை வைத்துத் திரும்பி வந்தவன். அன்ரோனெற்றுக்கு அவனோடு கதைக்கும்போதெல்லாம் அந்த விஷயம் சின்னண்ணாவின் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வரும். அவன் ஒருநாளும் அதை எடுத்ததில்லை.

“அக்கா, நேரம் போகுது.”

அவள் அறைக்குள் போய்த் தாளை எடுத்துவந்து நீட்டினாள். அவன் வாசித்தான். இடைவெளியில் விரல் நின்றது.

“இதில என்ன சொல்ல?”

எட்வேட் மாமா முந்திக்கொண்டார். “‘காலஞ்சென்ற’ எண்டு சொல்லு. றொட்னியும் அதைத்தான் சொல்லுறான். ஊருக்கே தெரிஞ்ச விசயம். உயிரோட இருக்கிறவன் மாதிரிச் சொன்னா, கேக்கிற சனம் சிரிக்காதே?”

றிஸ்லான் அவரைப் பார்க்கவில்லை. அன்ரோனெற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“உம்மா சொல்லுவா,” என்றான் மெதுவாக, “நாங்கள் திரும்பி வரேக்க எங்கட வாசல் கூட்டிக் கிடந்ததாம். வீட்டில கதவுமில்லை, யன்னலுமில்லை. வாசல் மட்டும் கூட்டிக் கிடந்தது. றெஜினம்மாதான் கூட்டினவவாம். ஆக்கள் வருவினமெண்டு நினைச்சுக் கூட்டினா. அந்தக் காலத்தில நாங்கள் வருவமெண்டு எங்களுக்கே நம்பிக்கையில்லை.” பிறகு தாளை மடித்தான். “நீங்கள் சொல்லுறமாதிரி வாசிக்கிறன் அக்கா. சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்.”

அன்ரோனெற் ஹோலுக்குள் பார்த்தாள். கோயிலில் இருப்பதைப் போலவே அம்மா பெட்டிக்குள்ளும் நிமிர்ந்த முகத்தோடு கிடந்தாள்.

“எழுதினபடியே வாசி றிஸ்லான். ஒண்டும் சேர்க்காத.”

எட்வேட் மாமா தலையில் கைவைத்தார். ஓட்டோ கிளம்பியது.

அவள் கைப்பேசியை எடுத்துப் பெரியண்ணாவை அழைத்தாள். அவன் உடனே எடுத்தான், காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை வேலிக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். அடுத்த ஒழுங்கையில் ஸ்பீக்கர் கரகரத்தது. சோளகம் சொற்களை இழுத்துப்போய்க் கடல் பக்கமாக எறிந்தது. ஆனாலும் கேட்டது: “…றொட்னி, கனடா… ஜெனிஸ்ரன்… அன்ரோனெற் ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார்…”

கைப்பேசியை இறக்கியபோது றொட்னி திரையில் அசையாமல் இருந்தான்.

“கோவமே அண்ணா?”

அவள் கைப்பேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

“இண்டைக்கு அம்மாட நாள் அண்ணா. அம்மா சொன்னபடி போகட்டும். உங்கட நாளும் வரும். நான் செய்து தருவன்.”

“நீயும் அம்மா மாதிரித்தான்,” என்றான் றொட்னி. ஆனால் போனை வைக்கவில்லை. ஜெயனி மச்சாள் அதை வாங்கிப் பெட்டிக்கு எதிரே யன்னல் கம்பியில் சாத்தி வைத்தாள். நாலு மணிவரைக்கும் அவன் அங்கிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியை மூடமுன் முத்தமிடச் சொன்னார்கள். அன்ரோனெற் கடைசியாகப் போனாள். கடிதங்களை ஒரு வெள்ளைக் கைலேஞ்சியில் கட்டியிருந்தாள். அதைச் செபமாலை சுற்றிய கைகளுக்குக் கீழே வைத்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடி, விலகாமலிருக்க ஒரு ஊசி குத்திவிட்டாள். யன்னல் கம்பியிலிருந்து ஒரு விம்மல் கேட்டதாக ஜெயனி பிறகு சொன்னாள். அன்ரோனெற் திரும்பிப் பார்க்கவில்லை.

சேமக்காலையில் அவள் மூன்று பிடி மண் போட்டாள். தனக்கொன்று, வர முடியாதவர்களுக்கு இரண்டு. நடராசா கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒரு பிடி போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு வந்த வாரங்களில் அவளுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரே இடத்தை இரண்டுமுறை கூட்டினாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். குசினித் தட்டில் முட்டி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். அதைக் காணும்போதெல்லாம் அம்மா அறைக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும்: மாத்தினியே பிள்ளை?

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கருத்துக் கொடுக்க அவள் பாதரிடம் போனாள். பாதர் எழுதினார்: ‘றெஜினம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’ பேனையை எடுக்காமல் நிமிர்ந்தார்.

“வேற?”

“மகன் ஜெனிஸ்ரன்.”

பாதர் பழக்கத்தில், “சுகநலத்துக்காகத்தானே?” என்றபடி எழுதக் குனிந்தார்.

“இல்லை பாதர்.”

பேனை நின்றது. வெளியே பிள்ளைகள் மறைக்கல்வி முடிந்து கத்திக்கொண்டு ஓடினார்கள். பாதர் அவளை எதுவும் கேட்கவில்லை. தாயின் பெயருக்குப் பக்கத்தில் மகனின் பெயரையும் எழுதினார்.

அன்றைக்கு றொட்னியிடம் சொன்னாள்: “வாற சனிக்கிழமை பூசையைப் போனில போட்டுவிடுறன். வேலைக்கு லீவு எடுங்கோ அண்ணா.” ஏன் என்று அவன் கேட்கவில்லை. “ஓம்,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை, “ஓம்,” என்றான்.

பூசைக்கு முதல்நாள் காலை அவள் கரைக்குப் போய் நல்ல கட்டாக் கருவாடாகப் பார்த்து வாங்கினாள். முட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தாள். கருவாட்டைப் புதுப் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்தாள். அதற்குக் கீழே வேறொன்றும் வைக்கவில்லை. முட்டியைப் புல்லில் பின்னிய பன்பைக்குள் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பாலத்தில் காற்று பஸ்ஸை ஒருபக்கம் தள்ளியது. சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

பாப்பாமோட்டையில் நடராசாவின் வீடு பூட்டியிருந்தது. வயலுக்குப் போயிருப்பார்கள். அவள் கூப்பிடவில்லை. மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில், பலகைத் தட்டில், கழுவின முட்டிகள் வரிசையாகக் கவிழ்த்துக் காய வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி இடம் எடுத்து, தான் கொண்டுவந்த முட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு சிரட்டையால் வாயை மூடி, சிரட்டையின் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்தாள்.

படலைவரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள். மணத்துக்கு ஒரு காகம் வந்து தட்டில் இறங்கியிருந்தது. கல்லை அலகால் தட்டி உருட்டிவிட்டுச் சிரட்டையைப் புரட்டப் பார்த்தது. அவள் திரும்பிப் போய் அதைக் கலைத்தாள். கொட்டிலைச் சுற்றித் தேடி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கல்லை எடுத்துவந்து வைத்தாள். முட்டி தாங்குமா என்று ஒருதரம் அமத்திப் பார்த்தாள். தாங்கியது. காகம் பனையில் போய் இருக்கும்வரைக்கும் நின்றாள்.

பிறகு வெறும் பன்பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு றோட்டுக்கு நடந்தாள்.